காந்த நானோ துகளும் ரெசினும்: வாசகர் கேள்வி–பதில்

மேற்பரப்பு மாற்றப்பட்ட காந்த நானோ துகள்களைப் பாலிமரில் கலந்தால் அந்தக் கூட்டுப்பொருளின் வலிமையும் பயனும் எப்படிக் கூடுகின்றன என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வட சென்னையிலிருந்து வந்தவை. பைபர் படகு கட்டும் காசிமேடும், ரப்பர் தொழிலில் ஊறிய திருவொற்றியூரும், பெட்ரோகெமிக்கல் ஆலைகள் நிறைந்த மணலியும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கும்போது இதில் வியப்பில்லை. கேள்விகளை ஓரளவு சுருக்கி, பதில்களுடன் இங்கே தருகிறேன்.

ஐயா, நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். எபாக்சி ரெசினில் (ஹார்டனர் சேர்த்தால் கெட்டியாகும் பிசின்) 10 நானோமீட்டர் அளவுள்ள மாக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) பொடியை எடையில் 5 விழுக்காடு கலந்து வார்த்தேன். இழுவிசைச் சோதனையில் வெறும் எபாக்சியைவிட வலிமை குறைவாகவே வந்தது. மேற்பரப்பை மாற்றாததுதான் காரணம் என்கிறார் என் வழிகாட்டி. மேற்பரப்பு அவ்வளவு முக்கியமா?
— மாணவர், வியாசர்பாடி

உங்கள் வழிகாட்டி சொல்வது சரிதான். ஆனால் எதை, எதற்காக, எவ்வளவு மாற்றுவது என்று தெரியாமல் மறுபடியும் வார்த்தால் இதே முடிவுதான் வரும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாக்னடைட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.2 கிராம். அது 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக இருந்தால், ஒரு கிராம் பொடிக்கு ஏறத்தாழ 115 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு. 100 கிராம் கலவையில் நீங்கள் போட்ட 5 கிராமுக்கு 575 சதுர மீட்டர் ஆகிறது. நம் ஊர்க் கணக்கில் இரண்டரை கிரவுண்டு மனையின் பரப்பு அது. இத்தனை பரப்பையும் எபாக்சி நனைத்துப் பிடித்துக்கொண்டால்தான் இழுவிசை ரெசினிலிருந்து துகளுக்குப் போகும். எடையில் 5 விழுக்காடு என்பது கொள்ளளவில் 1.2 விழுக்காடுதான் என்பதையும் கவனியுங்கள். இவ்வளவு குறைந்த கொள்ளளவில் இருக்கும் பொருள் வலிமையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் எல்லைப் பரப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

வெறும் மாக்னடைட் துகளின் மேற்பரப்பு முழுவதும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகளால் மூடியிருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது விரும்பிப் பிடித்துக்கொள்ளும். ரெசினைவிடப் பக்கத்துத் துகளோடு ஒட்டுவதே அதற்கு எளிது. எல்லா நானோ பொடிகளுக்கும் உள்ள வான் டெர் வால்ஸ் ஈர்ப்போடு (நெருங்கிய மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு) இங்கே காந்த ஈர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே நீங்கள் கலந்தது பெயருக்குத்தான் 10 நானோமீட்டர் துகள். வார்ப்புக்குள் உண்மையில் இருப்பவை பல மைக்ரோமீட்டர் அளவுள்ள கட்டிகள். அந்தக் கட்டிகளின் உட்பகுதிக்கு ரெசின் போவதில்லை. அங்கே காற்றும் ஈரமும்தான் இருக்கும். மாதிரியை இழுக்கும்போது விரிசல் முதலில் தொடங்குவது அங்கேதான். உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், விரிசல் புறப்பட்ட இடத்தில் இப்படி ஒரு கட்டி இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

மேற்பரப்பு மாற்றம் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்ய வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கச் செய்வது ஒன்று. அவற்றை ரெசினோடு வேதிப் பிணைப்பால் கட்டிவைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல மாணவர்கள் ஒலியிக் அமிலத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒலியிக் அமிலத்தின் கார்பாக்சில் முனை இரும்பு ஆக்சைடைப் பிடித்துக்கொள்ள, அதன் நீண்ட கார்பன் வால் வெளியே நீட்டி நின்று துகள்களை விலக்கிவைக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டீபன் பாப்பெல் காந்தத் திரவத்தை உருவாக்கியபோது பயன்படுத்திய வழியும் இதுதான். எண்ணெயிலும் பாலிஎத்திலீனிலும் அது அருமையாக வேலை செய்யும். எபாக்சியிலோ அந்த வாலுக்குப் பிணைய எதுவும் இல்லை. துகள் நன்றாகப் பரவியிருப்பதுபோலத் தோன்றும். இழுத்தால் ரெசினிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும்.

எபாக்சிக்கு ஏற்றது அமினோ சிலேன் அல்லது எபாக்சி முனையுள்ள சிலேன். (சிலேன் என்பது இரு பொருள்களை இணைக்கும் சிலிக்கான் சேர்மம்.) சிலேனின் ஒரு முனை நீரோடு வினைபுரிந்து துகளின் ஹைட்ராக்சிலோடு சேரும். மறுமுனையிலுள்ள அமைன் எபாக்சி வளையத்தைத் திறந்து, கெட்டியாகும் வலையமைப்பின் பகுதியாகவே ஆகிவிடும். எவ்வளவு போடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. அமினோபுரோபைல் ட்ரைஎத்தாக்சி சிலேன் ஒரு கிராம் சுமார் 353 சதுர மீட்டர் பரப்பை ஒற்றை அடுக்காக மூடும் என்பது கோட்பாட்டு மதிப்பு. உங்கள் 575 சதுர மீட்டருக்கு 1.6 கிராம் போதும். சற்று மிகையாகப் போடலாம். ஆனால் அள்ளிப் போட்டால் சிலேன் தனக்குள்ளேயே இணைந்து துகளைச் சுற்றி மென்மையான தடித்த உறையாகிவிடும். அந்த உறையே புதிய பலவீனமாகும். வினை முடிந்ததும் எத்தனாலில் பலமுறை கழுவி, ஒட்டாத சிலேனை நீக்குங்கள்.

இரும்பு ஆக்சைடோடு சிலேன் நேரடியாக ஏற்படுத்தும் பிணைப்பு, சிலிக்காவோடு ஏற்படுத்துவதைப் போல நீரைத் தாங்காது. ஈரத்தில் பயன்படப்போகும் பொருள் என்றால், முதலில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்டும் அம்மோனியாவும் கொண்டு, 1968-இல் ஸ்டோபர் குழுவினர் வகுத்த முறையில் மெல்லிய சிலிக்கா உறையிட்டு, அதன்மேல் சிலேனைப் பூசுவது நல்லது. உறையின் எடை சேர்வதால் ஒரு கிராமுக்கான காந்தத்தன்மை குறையும். அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். சிலேன் பூசிய பொடியைச் சூட்டடுப்பில் நன்றாகக் காயவைத்து, அம்மியில் இடிப்பதுபோல் இடித்து, ரெசினில் கொட்டுவார்கள். காய்ந்தபோதே துகள்கள் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு எந்தக் கலக்கலும் அவற்றைப் பிரிக்காது. எத்தனாலில் கழுவிய ஈரப் பசையை அப்படியே அசிட்டோனுக்கு மாற்றி, ரெசினோடு சேர்த்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து மீயொலியால் விட்டுவிட்டுக் கலக்குங்கள். பிறகு வெற்றிடத்தில் அசிட்டோனை நீக்கி, எடை மாறாத நிலைக்கு வந்த பின்பே ஹார்டனரைச் சேருங்கள். அசிட்டோன் கொஞ்சம் தங்கினாலும் எபாக்சி இளகிவிடும். காந்தக் கலக்கியைத் தொடவே தொடாதீர்கள்; பொடியில் பாதி, கலக்கும் காந்தக் குச்சியைச் சுற்றிக் கருப்பு மீசையாக ஒட்டிக்கொள்ளும், எஞ்சிய ரெசினில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலிருந்து தண்டு இறங்கும் மோட்டார் கலக்கிதான் இதற்கு ஏற்றது.

அளவையும் 5 விழுக்காட்டிலிருந்து குறையுங்கள். 0.5, 1, 2 என்று ஏறுங்கள். இத்தகைய கலவைகளில் வலிமை ஓர் எல்லைவரை ஏறி, பிறகு இறங்குவதே வழக்கம். வெறும் எபாக்சி, பூசாத பொடி, பூசிய பொடி ஆகிய மூன்றையும் ஒரே முறையில் தயாரியுங்கள். வெறும் எபாக்சிக்கும் அசிட்டோன் ஊற்றி, மீயொலி கொடுத்து, வெற்றிடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது துகளையா செய்முறையையா என்பது தெரியாது. பிளாஸ்டிக் இழுவிசைச் சோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். டி 638 தர முறைப்படி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து மாதிரிகள் வேண்டும். ஒட்டிய சிலேனின் அளவை வெப்ப எடைப் பகுப்பாய்வில் எடைக்குறைவாகக் காணலாம். அகச்சிவப்பு நிறமாலையில் (அலை எண், செ.மீ⁻¹ அலகில்) 580-ஐ ஒட்டி இரும்பு–ஆக்சிஜன் பட்டையும், 1000-க்கும் 1100-க்கும் இடையே சிலிக்கான்–ஆக்சிஜன் பட்டையும் தெரிய வேண்டும். பிந்தையது தெரியவில்லை என்றால் வார்க்கவே வேண்டாம். பூச்சு வேலைக்குத் திரும்புங்கள்.

காசிமேட்டில் பைபர் படகு கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். 'நானோ இரும்பு' என்று ஒரு கருப்புப் பொடியைக் கொண்டுவந்து, ரெசினில் கலந்தால் படகு இரண்டு மடங்கு உறுதியாகும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?
— படகுப் பட்டறை நடத்துபவர், காசிமேடு

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம், அவர் சொல்லும் காரணத்துக்காக வாங்க வேண்டாம்.

பைபர் படகில் இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி இழை. ரெசின் அந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்து, கடல்நீர் உள்ளே போகாமல் தடுக்கிறது. ரெசினின் வலிமை சற்றுக் கூடினாலும் படகின் உறுதி அதே அளவில் கூடிவிடாது. கண்ணாடி இழை விரிப்பான 'மேட்'டில் காற்றுக் குமிழி இல்லாமல் ரோலர் ஓட்டுவது, ரெசினுக்கும் இழைக்கும் உள்ள விகிதம், மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மேட்டைப் பயன்படுத்தாமல் இருப்பது, முழுதும் செட் ஆகும்வரை அச்சிலிருந்து எடுக்காமல் இருப்பது ஆகிய நான்கும் எந்தப் பொடியையும்விடப் படகுக்கு அதிக ஆயுள் தரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பணத்தை நல்ல ஐசோ ரெசினிலும் (நீரை நன்கு தாங்கும் பாலியெஸ்டர் வகை) நல்ல ஜெல்கோட்டிலும் (வெளிப்பூச்சு) போடுங்கள்.

அந்தப் பொடியால் கெடுதலும் வரலாம். நீங்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினைக் கெட்டியாக்குவது பெராக்சைடு கேட்டலிஸ்ட். அதை முடுக்கிவிடுவது கோபால்ட். இரும்பும் கோபால்ட்டைப் போல ஒரு இடைநிலை உலோகம்தான். பூச்சில்லாத இரும்பு ஆக்சைடு பெராக்சைடோடு வினைபுரிந்து, செட் ஆகும் நேரத்தைக் கணிக்க முடியாதபடி மாற்றிவிடலாம். மேலும், நானோ பொடி சேர்ந்தால் ரெசின் தடித்துவிடும். தடித்த ரெசின் மேட்டுக்குள் இறங்காது. இறங்காத இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஒரு கப்பில் 100 கிராம் ரெசினில் மட்டும் செய்து பாருங்கள். வேலையாட்களுக்கு நீங்கள் வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

விற்பனையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: 'இந்தப் பொடிக்கு என்ன பூச்சு?' பாலியெஸ்டருக்கு மெத்தாக்ரில் முனையுள்ள சிலேன் பூசியிருக்க வேண்டும். அதிலுள்ள இரட்டைப் பிணைப்புதான் ஸ்டைரீனோடும் பாலியெஸ்டரோடும் சேர்ந்து கெட்டியாகும். இந்தப் பெயரே அவருக்குத் தெரியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

நீங்களே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. கேட்டலிஸ்ட் சேர்க்காத ரெசினில் கொஞ்சம் பொடியைக் கலந்து, கண்ணாடிப் பாட்டிலில் ஓரிரவு அசையாமல் வையுங்கள். 500 சென்டிபாய்ஸ் பாகுத்தன்மை உள்ள ரெசினில் தனித்தனியாக நிற்கும் 10 நானோமீட்டர் துகள் ஓர் ஆண்டில்கூடச் சுமார் 14 மைக்ரோமீட்டர்தான் இறங்கும். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு அது. 5 மைக்ரோமீட்டர் கட்டியாக இருந்தாலோ ஒரே நாளில் 9 மில்லிமீட்டர் வரை இறங்கிவிடும். காலையில் அடியில் கருப்பு வண்டலும் மேலே தெளிந்த ரெசினும் தெரிந்தால், அவர் விற்றது நானோ துகள் அல்ல. வெறும் கருப்புப் பொடி.

இந்தத் துறையில் படகுக்கு உதவக்கூடியது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒட்டும் இணைப்புகளிலும் பழுதுபார்ப்பிலும் அதற்கு உண்மையான பயன் உண்டு. அதை மணலி வாசகரின் கேள்விக்கான பதிலில் பாருங்கள்.

திருவொற்றியூரில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்திலேயே சிலிக்காவோடு சிலேன் சேர்த்து ரப்பரில் அரைப்போம். நீங்கள் எழுதுவது அதேதானா, புதிதா?
— ஓய்வு பெற்ற தொழிலாளர், திருவொற்றியூர்

அடிப்படை அதேதான், ஐயா. கந்தகம் உள்ள சிலேன் ஒரு முனையில் சிலிக்காவையும், வல்கனைஸ் ஆகும்போது மறுமுனையில் ரப்பரையும் பிடித்துக்கொள்கிறது. மிக்சரில் 140 முதல் 160 டிகிரிவரை சூடேறும்போது சிலேன் சிலிக்காவோடு வினைபுரிய, எத்தனால் ஆவியாக வெளியேறும். அந்த மணம் உங்களுக்குப் பழகியிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் சிலிக்கா டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுவதும் பரவிய முறை இது. 1946-இல் பொம்மை பலூன் தொழிற்கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் வளர்ந்த உங்கள் ஊரில் இதைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இரும்பு ஆக்சைடுக்கு வரும்போது ஒரு வேறுபாடு முக்கியம். செம்பும் மாங்கனீசும் இயற்கை ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும் என்று உங்கள் ஆய்வகத்தில் கவனித்திருப்பீர்கள். இரும்பும், அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், ஆக்சிஜனால் ரப்பர் முதுமையடைவதைத் துரிதப்படுத்தும். ஆகவே மாக்னடைட்டை ரப்பரில் சேர்க்கும்போது மேற்பூச்சுக்கு மூன்றாவது வேலை ஒன்றும் சேர்கிறது: இரும்பு அயனி வெளியே வராமல் அடைத்துவைப்பது. சிலிக்கா உறை இங்கே இரட்டைப் பயன் தரும்.

காந்தப் பொடி கலந்த பாலிமர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவை இறுகப் பிடிக்கும் ரப்பர் விளிம்புக்குள் ஒரு காந்தப் பட்டை இருக்கும். அது ஃபெர்ரைட் (இரும்பு ஆக்சைடு சார்ந்த காந்தப் பொருள்) பொடியை மிக அதிக அளவில் பாலிமரில் ஏற்றிச் செய்தது. அங்கே துகள் மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். காந்தம் நிரந்தரமாகத் தங்க வேண்டும். நாம் பேசும் 10 நானோமீட்டர் மாக்னடைட்டோ வெளிக் காந்தம் இருக்கும்வரை மட்டுமே காந்தமாக நடந்துகொண்டு, அதை எடுத்ததும் காந்தத்தை விட்டுவிடும். அதனால்தான் ரெசினில் கலக்கும்போது ஓரளவாவது பிரித்து நிறுத்த முடிகிறது.

மணலியில் ஒரு ரசாயன ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். வலிமைதான் நோக்கம் என்றால் சிலிக்காவோ அலுமினாவோ மலிவாகக் கிடைக்கிறதே. எதற்காகக் காந்தத் துகள்?
— பொறியாளர், மணலி

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வலிமை மட்டுமே நோக்கம் என்றால் காந்தத் துகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் தெளிவான கருத்து. சிலேன் பூசிய சிலிக்கா அதே வேலையை, நிறம் மாறாமல், அவ்வளவாக எடை கூடாமல் செய்யும். காந்தம் செய்யும் வேலை ஒன்று தேவைப்படும்போது மட்டுமே மாக்னடைட். வலிமை குறையாமல் பார்த்துக்கொள்வது மேற்பரப்பு மாற்றத்தின் பொறுப்பு. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வரிசை பல நேரங்களில் தலைகீழாக இருக்கிறது.

அப்படிப்பட்ட வேலைகளில் எனக்கு மிக உறுதியாகத் தோன்றுவது, தொடாமல் சூடேற்றுவது. வினாடிக்குப் பல லட்சம் முறை திசைமாறும் காந்தப்புலத்தைக் கம்பிச் சுருளின் மூலம் கொடுத்தால், ரெசினுக்குள் இருக்கும் மாக்னடைட் துகள்கள் ஒவ்வொன்றும் சிறு அடுப்பாகிவிடும். புலத்தின் வலிமையை இரு மடங்காக்கினால் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதிர்வெண்ணைக் கூட்டினாலும் வெப்பம் கூடும். இரண்டு கண்ணாடி இழைப் பலகைகளை ஒட்டும் பசையில் மட்டும் துகளைக் கலந்தால், பலகை சூடாகாமல் பசை மட்டும் சூடாகிக் கெட்டியாகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் சுருளின் புலம் அதைத் தொந்தரவு செய்யாமல் கடந்துபோகும். கார்பன் இழை தானே சூடாகிவிடும் என்பதால் அங்கே இந்த வசதி இல்லை. உருகும் வகைப் பசையாக இருந்தால், ஒட்டிய இணைப்பை அதே சுருளைக் கொண்டு பின்னாளில் பிரிக்கவும் செய்யலாம். படகானாலும் பேருந்து உடலானாலும், பழுதான பலகையை வெட்டாமல் கழற்ற முடிவது சிறிய செய்தி அல்ல.

இங்கேயும் மேற்பரப்புதான் எல்லையை வகுக்கிறது. துகள்கள் கட்டியாக இருந்தால் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து, கட்டியைச் சுற்றிய ரெசின் கருகும். சற்றுத் தள்ளி இருக்கும் ரெசின் கெட்டியாகாமலே நிற்கும். கெட்டியான பிறகு துகள் சுழல முடியாது என்பதால், துகளுக்குள் காந்தத் திசை மட்டும் புரளும் வழியில்தான் வெப்பம் உண்டாகும். அது துகளின் அளவை மிக நுட்பமாகச் சார்ந்திருப்பதால், அளவு சீராக இல்லாத பொடியில் பாதி வீணாகும். மாக்னடைட் 585 டிகிரி செல்சியஸ்வரை காந்தத்தன்மையை இழக்காது என்பதால் அது தானாக நிற்கும் வெப்பக் கட்டுப்படுத்தி ஆகாது. ரெசின் அதற்கு வெகு முன்பே கெட்டுவிடும். குறிப்பிட்ட வெப்பத்தில் தானே நின்றுகொள்ள வேண்டும் என்றால், துத்தநாகம் கலந்த மாங்கனீசு ஃபெர்ரைட்டை நாட வேண்டும். அதில் காந்தம் மறையும் வெப்பநிலையைக் கலவை விகிதத்தைக் கொண்டு கீழே இறக்கலாம்.

மற்றொன்று, திசைப்படுத்துவது. ரெசின் இன்னும் திரவமாக இருக்கும்போது காந்தப்புலத்தில் வைத்தால் துகள்கள் புலக்கோட்டின் வழியே சங்கிலியாக நிற்கும். அப்படியே கெட்டியாகவிட்டால் ஒரு திசையில் மட்டும் பண்புகள் மாறிய பொருள் கிடைக்கும். 2012-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரிலுள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இன்னும் புத்திசாலித்தனமாகச் செய்தார்கள். வலிமை தரும் அலுமினாத் தகடுகளின் மேல் மிகச் சிறிதளவு இரும்பு ஆக்சைடு நானோ துகளைப் பூசி, ஒரு சில மில்லிடெஸ்லா அளவுள்ள மெல்லிய புலத்திலேயே அந்தத் தகடுகளை வேண்டிய திசையில் நிறுத்திக் காட்டினார்கள். வலிமையை அலுமினா தர, காந்தத் துகள் அதை நிறுத்திவைத்தால் போதும் என்ற அந்தப் பங்கீடு, உங்கள் கேள்விக்கு நான் சொன்ன பதிலை விடச் சிறந்த பதில்.

மின்காந்த அலையைத் தடுக்கும் பூச்சுகள், உள்ளே இருக்கும் விரிசலைக் காந்த முறையில் கண்டறிவது போன்ற பயன்களும் உண்டு. அவற்றைத் தனிக் கட்டுரையாக எழுதலாம் என்றிருக்கிறேன்.

பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு மாக்னடைட் செய்து காட்ட முடியுமா?
— வேதியியல் ஆசிரியை, இராயபுரம்

முடியும். ஃபெர்ரிக் குளோரைடையும் ஃபெர்ரஸ் சல்பேட்டையும், இரும்பு மோல் கணக்கில் 2:1 விகிதம் வருமாறு, கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் கரைத்து, 60 முதல் 80 டிகிரிச் சூட்டில் அம்மோனியாக் கரைசலைச் சேருங்கள். மஞ்சள் கரைசல் கண்ணெதிரே கருப்பாகும். அது மாணவர்கள் மறக்காத காட்சி. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கண்ணாடிக்குவளையின் அடியில் வைத்தால் கருப்புத் துகள்கள் இறங்கி நிற்கும். மேல் நீரை வடித்துக் கழுவலாம். அதில் சில சொட்டு ஒலியிக் அமிலம் விட்டுச் சூடாக்கி, ஆறியபின் மண்ணெண்ணெய் சேர்த்துக் குலுக்கினால், நீரில் இருந்த கருப்பு மண்ணெண்ணெய்க்கு ஏறிவிடும். மேற்பரப்பு மாறினால் துகளின் நடத்தையே மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சன்னல்களைத் திறந்துவையுங்கள், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், மண்ணெண்ணெய் வெளியே இருக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். பொடியைக் காயவைக்கவே வேண்டாம். ஈரமாக இருக்கும்வரை அது காற்றில் பறக்காது, மாணவர்களின் மூச்சுக்குள் போகாது. சில நாள்களில் கருப்பு பழுப்பாக மாறினால் கவலை வேண்டாம். மாக்னடைட் காற்றால் மேகமைட் என்னும் மற்றொரு இரும்பு ஆக்சைடாகியிருக்கிறது, அதுவும் காந்தத்துக்கு இழுபடும்.

எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோதெல்லாம் மீனவர்கள் வாளியால் அள்ளியதைப் பார்த்திருக்கிறேன். காந்தத் துகள் கலந்த ஸ்பான்ஞ்ச் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் என்று படித்தேன். அது எங்களுக்கு உதவுமா?
— கல்லூரி மாணவி, எண்ணூர்

2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்தபோதும் உங்கள் பகுதி பட்ட பாட்டை நினைத்துதான் இந்தக் கேள்விக்கு மிகக் கவனமாகப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் படித்தது உண்மை. மெத்தைகளில் பயன்படும் பாலியூரித்தேன் ஸ்பான்ஞ்சின் துளைச் சுவர்களில், நீரை விலக்கும் சிலேன் அல்லது ஒலியிக் அமிலம் பூசிய மாக்னடைட்டை ஒட்டவைத்தால், அது நீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சும். காந்தத்தால் இழுத்து எடுத்து, பிழிந்து, மறுபடியும் போடலாம். நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் டீசல், மோட்டார் எண்ணெய் போன்றவற்றில் இது நன்றாக வேலை செய்யும். கப்பல் எரிபொருள் போன்ற கனமான எண்ணெய் கடல்நீரோடு கலந்து கூழாகிவிட்டால் அது நுண் துளைக்குள் நுழையாது. வாளிகளால் அள்ளப்பட்டது அத்தகைய கூழ்தான். ஆகவே பெரிய கசிவுக்கு இதை மருந்தாக நினைக்க வேண்டாம். பட்டறைகளின் கழிவுநீர்த் தொட்டி, படகு இயந்திரத்தின் அடித்தளத்தில் தேங்கும் நீர் போன்ற அடைப்பான இடங்களில், எண்ணெய் கழிமுகத்துக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிட இது பொருத்தமானது.

திறந்த நீரில் போடுவதற்கு முன் ஒரு கேள்விக்குக் கண்டிப்பாக விடை வேண்டும்: துகள் ஸ்பான்ஞ்சிலிருந்து கழன்று நீரில் கலக்கிறதா? வெறுமனே நனைத்துக் காயவைத்த துகள் இரண்டு மூன்று பிழிதலிலேயே உதிரும். எண்ணெய் உடுத்திய அந்தத் துகள் இறாலும் நண்டும் வளரும் சேற்றில் போய்ச் சேரும். பாலியூரித்தேனோடு வேதிப் பிணைப்பில் சேரும் அமினோ சிலேனைப் பயன்படுத்தினால் இதைப் பெரிதும் குறைக்கலாம். உங்கள் கல்லூரியில் யாராவது இதைச் செய்தால், எத்தனை மடங்கு எண்ணெய் உறிஞ்சியது என்று அளப்பதற்கு முன், கழிமுகத்து நீரிலேயே ஸ்பான்ஞ்சை ஒரு நாள் முழுவதும் குலுக்கிவைத்து, பலமுறை பிழிந்து, அந்த நீரில் எவ்வளவு இரும்பு கூடியிருக்கிறது என்பதை அளந்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். ஸ்பான்ஞ்ச் போடாத அதே நீரையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். எண்ணூர் நீரில் ஏற்கெனவே இரும்பு இருக்கும்.